வாசகர் கேள்விகள்: கம்பளி போருக்குப் போன கதை

சென்ற இதழில் ஏற்காட்டுக் குளிரைப் பற்றி வெளியான சிறு கட்டுரையில், முதலாம் உலகப் போரின்போது ஆஸ்திரேலியாவில் விளைந்த கம்பளி முழுவதையும் பிரிட்டிஷ் அரசே விலைக்கு வாங்கிக்கொண்டது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தோம். கட்டுரையை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சேலம் மாவட்ட வாசகர்கள் எழுதிய கடிதங்கள் குவிந்துவிட்டதால், இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் கம்பளிக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

பள்ளி ஆசிரியை, ஏற்காடு: தாத்தா ராணுவத்திலிருந்து கொண்டுவந்த கம்பளி ஒன்று எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. சாம்பல் நிறம், சொரசொரப்பு, மடித்துத் தூக்கினால் கை வலிக்கும் கனம். கடையில் வாங்கிய மெத்தென்ற போர்வைகள் எல்லாம் நைந்துபோக, இது மட்டும் அப்படியே இருக்கிறது. பருத்தி விளைகிற நாட்டின் ராணுவம் எதற்காக இதைக் கட்டிக்கொண்டு அழுதது, ஐயா?

பருத்தி நல்ல துணிதான். நம் வெயிலுக்கு அதைவிட ஏற்ற துணி கிடையாது. ஆனால் அது நனைந்துவிட்டால் உடலோடு ஒட்டிக்கொண்டு உடலின் சூட்டை வெளியே கடத்திவிடும். போர்க்களத்தில் இருப்பவன் நனையாமல் இருக்க முடியாது. நனைந்தபின் மாற்றிக்கொள்ள இரண்டாவது உடுப்பும் பெரும்பாலும் அவனிடம் இருக்காது. கம்பளி கைகொடுப்பது அந்த நிலையில்தான். நம் தலைமுடியும் நகமும் எந்தப் புரதத்தால் ஆனவையோ அதே கெரட்டினால் ஆன இழை அது. நேராக வளராமல் நெளிநெளியாக வளர்வதால் இழைகளுக்கு இடையே காற்று தங்குகிறது. அந்தக் காற்றே குளிரைத் தடுக்கிறது. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளிழுத்துக்கொண்ட பிறகும் அது தொடுவதற்கு ஈரமாகத் தெரியாது; ஈரத்தை உறிஞ்சும்போது சிறிதளவு வெப்பத்தை வெளிவிடவும் செய்யும்.

குளிரைவிடப் படைகளுக்கு முக்கியமாக இருந்த இன்னொரு குணமும் உண்டு. கம்பளி எளிதில் தீப்பற்றாது. பருத்தி ஏறக்குறைய 255 டிகிரி செல்சியஸில் பற்றிக்கொள்ளும் என்றால், கம்பளி பற்றுவதற்கு 570 டிகிரிக்கு மேல் வேண்டும். நெருப்பை எடுத்துவிட்டால் பெரும்பாலும் தானாகவே அணைந்தும் விடும். இதைப் பீரங்கிக்காரர்கள் வெகு காலத்துக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தார்கள். கப்பல் பீரங்கிகளில் வெடிமருந்தைக் காகிதப் பொட்டலமாகக் கட்டித் திணித்த நாட்களில், சுட்டபின் கனலும் காகிதத் துண்டு குழாயின் அடியில் தங்கிவிடும். அதைச் சுரண்டி எடுக்காமல் அடுத்த பொட்டலத்தைத் திணித்தவனின் கை அவனுடையதாக இருக்காது. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி சர் சார்லஸ் டக்ளஸ், காகிதத்துக்குப் பதிலாக மெல்லிய கம்பளித் துணியான ஃபிளானலில் மருந்தைக் கட்டும் முறையைக் கொண்டுவந்தார். கம்பளி கனன்றுகொண்டு கிடப்பதில்லை என்பதால் சுடும் வேகம் கூடியது. 1782-ல் கரீபியன் கடலில் பிரெஞ்சுக் கப்பற்படையை முறியடித்த செயிண்ட்ஸ் போரில் அதன் பயன் தெரிந்தது. இந்த நூற்றாண்டிலும் இதே பாடம் திரும்பவும் படிக்கப்பட்டது: ஈராக்கில் இருந்த அமெரிக்க மரைன் படையினர் முகாமை விட்டு வெளியே செல்லும்போது பாலியஸ்டர், நைலான் பனியன்களை அணியக் கூடாது என்று 2006-ல் உத்தரவு வந்தது. குண்டு வெடித்துத் தீப்பிடித்தபோது அவை உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டதே காரணம். உங்கள் தாத்தாவின் கம்பளி உருகாது.

வரலாற்றுத் துறை மாணவர், சேலம்: கம்பளிதான் இங்கிலாந்தின் போர்களுக்குப் பணம் கொடுத்தது என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது எப்படி என்று விளக்க முடியுமா?

இந்தக் கேள்விக்கு நீண்ட பதில் தேவைப்படுகிறது. கம்பளியின் போர் வரலாறு போர்க்களத்தில் நடந்ததைவிடக் கருவூலத்தில் நடந்ததே அதிகம் என்பது என் கருத்து. அதற்குக் காரணம் ஆட்டின் இயல்பு. ஆடு ஆண்டுக்கு ஒரு முறைதான் முழுக் கம்பளி தரும். படைக்கோ நாளைக்கே வேண்டும். இந்த இடைவெளியை நிரப்ப அரசர்களும் அரசாங்கங்களும் செய்த வேலைகளையே நாம் கம்பளியின் வரலாறாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாம் சிலுவைப் போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட் 1192-ன் இறுதியில் ஆஸ்திரியாவில் பிடிபட்டார். அவரை விடுவிக்கக் கேட்கப்பட்ட 1,50,000 மார்க் தொகைக்காக நாடே துழாவப்பட்டபோது, பெரும் ஆட்டு மந்தைகளை வைத்திருந்த சிஸ்டெர்ஷியன் என்ற கிறிஸ்தவத் துறவிகளின் மடங்களில் கொடுப்பதற்கு வெள்ளிப் பாத்திரங்கள் அதிகம் இல்லை. அவர்களுடைய ஓராண்டுக் கம்பளி முழுவதும் எடுத்துக்கொள்ளப்பட்டது. அரசருக்குக் கம்பளியின் ருசி தெரிந்துவிட்டது என்று சொல்லலாம். 1275-ல் முதலாம் எட்வர்ட், ஏற்றுமதியாகும் ஒவ்வொரு மூட்டைக்கும் 6 ஷில்லிங் 8 பென்ஸ் நிரந்தர வரி விதித்தார். ஒரு மூட்டை என்பது 364 பவுண்டு, அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய 165 கிலோ. பிரான்சோடு போர் வந்த 1294-ல் அதே மூட்டைக்கு 40 ஷில்லிங் என்று வரியை உயர்த்தினார். ஏற்றுமதி வணிகர்கள் அந்தச் சுமையை அப்படியே ஆடு வளர்ப்பவர் தலையில் இறக்கிவைத்து, கொள்முதல் விலையைக் குறைத்தார்கள். எதிர்ப்புத் தாங்காமல் 1297-ல் அந்த வரி கைவிடப்பட்டது.

அவருடைய பேரன் மூன்றாம் எட்வர்ட் இன்னும் துணிந்தவர். நூற்றாண்டுப் போருக்கான ஏற்பாடுகளில் இருந்த அவர், 1336-ல் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஃபிளாண்டர்ஸ் பகுதிக்குக் கம்பளி போவதை அடியோடு நிறுத்தினார். கெண்ட், புரூஜ், ஈப்ர் ஆகிய நகரங்களின் தறிகள் இங்கிலாந்துக் கம்பளியை நம்பியே ஓடின. கம்பளி நின்றதும் தறிகள் நின்றன. நெசவாளர்களும் சாயத் தொழிலாளர்களும் வேலையின்றித் தெருவுக்கு வந்தார்கள். பிரெஞ்சு மன்னருக்குக் கட்டுப்பட்டிருந்த ஃபிளாண்டர்ஸ் பிரபுவின் அதிகாரம் ஆட்டம் கண்டு, 1338-ல் கெண்ட் நகரத்தின் ஆட்சி யாக்கோப் வான் ஆர்ட்டவெல்டே என்பவரின் கைக்குப் போனது. அவர் எட்வர்டோடு சமரசம் செய்துகொண்டார். இரண்டே ஆண்டுகளில், 1340 ஜனவரியில், எட்வர்ட் அதே கெண்ட் நகரத்தில் நின்றுகொண்டு தன்னைப் பிரான்சின் மன்னர் என்று அறிவித்துக்கொண்டார். தறி நின்றால் ஊர் என்ன பாடுபடும் என்பதைச் சேலத்துக்காரர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதே காலத்தில் 30,000 மூட்டைக் கம்பளியைக் கடனாக வாங்கி வெளிநாட்டில் விற்றுப் போருக்குப் பணம் திரட்டும் திட்டம் ஒன்றும் போடப்பட்டது. நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது அதில் மூன்றில் ஒரு பங்குதான். மன்னருக்கு அவசரம்; வணிகர்கள் கேட்ட தொகையைத் தர மறுத்தபோது அவருடைய ஆட்கள் கம்பளியைப் பறிமுதல் செய்து, எப்போதோ பணமாக்கிக்கொள்ளக்கூடிய சீட்டுகளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். பின்னாளில் 1347-ல் கைப்பற்றப்பட்ட பிரான்சின் கலே துறைமுகம் 1363-லிருந்து கம்பளி ஏற்றுமதியின் ஒற்றை வாசலாக்கப்பட்டு, அந்த வருமானத்திலிருந்தே அங்கிருந்த காவல்படைக்குச் சம்பளமும் கொடுக்கப்பட்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபைத் தலைவர் இன்றும் கம்பளி அடைத்த சிவப்பு இருக்கையில் உட்காருவது மூன்றாம் எட்வர்ட் காலத்து வழக்கம். 1938-ல் அதைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது குதிரை முடி! பிறகு காமன்வெல்த் நாடுகளின் கம்பளியைக் கொண்டு அதை நிரப்பினார்கள்.

அரசு ஊழியர், சங்ககிரி: எங்கள் ஊர்க் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்குக் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிப் படையினர் அணிந்த சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொல்வது வழக்கம். அந்தக் கோட்டு கம்பளியாலானதா? சித்திரை வெயிலில் எப்படிப் போட்டார்கள்?

கம்பளியேதான். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் கும்பினியின் கைக்கு வந்தபோது, வெள்ளைச் சிப்பாய்கள் மட்டுமின்றி நம் ஊர்ச் சிப்பாய்களும் மேலே சிவப்புக் கம்பளிக் கோட்டுடன்தான் அணிவகுத்தார்கள். தட்பவெப்பத்தைப் பார்த்துச் செய்த ஏற்பாடு அல்ல அது. இந்தியாவிலிருந்து துணியை வாங்கிக்கொண்டு வெள்ளியைக் கொட்டுகிறாயே, நம் நாட்டுக் கம்பளித் துணியையும் அங்கே விற்று வா என்று இங்கிலாந்தில் கும்பினிக்கு ஓயாத நெருக்கடி இருந்தது. வெப்ப நாட்டில் அதை வாங்குவதற்கு ஆள் குறைவு. சொந்தப் படை என்பது மறுக்க முடியாத வாடிக்கையாளர். சாதாரணச் சிப்பாயின் சிவப்பு மஞ்சிட்டி வகைச் செடியின் வேரிலிருந்தும், அதிகாரியின் பளீரென்ற சிவப்பு மெக்சிகோ பக்கம் கள்ளிச் செடியில் வளரும் கொச்சினீல் பூச்சியிலிருந்தும் வந்தது.

சாயத்தின் கதை அதோடு முடியவில்லை. 1914-ல் போர் மூண்டபோது பிரிட்டனின் ஆலைகள் பயன்படுத்திய சாயத்தில் பெரும்பகுதி எதிரியான ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தது. காக்கிக் கம்பளித் துணி போதாமல், போர் அமைச்சர் கிச்சனரின் அழைப்பை ஏற்றுச் சேர்ந்த புதிய வீரர்கள் பலருக்கு முதலில் நீல உடுப்பே கிடைத்தது. தபால்காரரைப் போல இருக்கிறோம் என்று அவர்கள் அலுத்துக்கொண்டார்கள்.

செம்மறி ஆடு வளர்ப்பவர், மேச்சேரி: எங்கள் ஆட்டுக்குக் கம்பளியே கிடையாது. அப்படியென்றால் அந்தப் போர்களுக்கு நம் பக்கத்திலிருந்து எதுவும் போகவில்லையா?

மேச்சேரி ஆடு இளம்பழுப்பு நிறமும் குட்டையான முடியும் கொண்ட இனம். அதன் பெருமை இறைச்சியிலும் தோலிலும் இருக்கிறது. உங்கள் பொட்டனேரியில் 1978-லிருந்து அதற்கென்று ஆராய்ச்சி நிலையமே இயங்குகிறது. வெப்பமான சமவெளியில் அடர்ந்த கம்பளி ஆட்டுக்குச் சுமையாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டில் மென்மையான கம்பளி தருவது நீலகிரி ஆடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உள்ளூர் ஆடுகளோடு மெரினோ, செவியட் போன்ற வெளிநாட்டு இனங்களைக் கலந்து உருவானது. அதன் எண்ணிக்கை என்றுமே பெரிதாக இருந்ததில்லை. குறும்பர்கள் நெய்யும் கம்பளி வேறு வகை: கத்தரித்த முடியைக் கொட்டிப் பிரித்து, கையால் நூற்று, புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு விறைப்பாக்கிக் குழித்தறியில் நெய்வார்கள். மழையில் மந்தையோடு நிற்பவனுக்கு அதைவிட நல்ல குடை கிடையாது. ஆனால் உடலை ஒட்டிய சட்டையாக அதை அணிய முடியாது, குத்தும்.

இந்தியக் கம்பளியின் பெரும்பகுதி இப்படிக் கரடுமுரடானதாகவே இருந்ததால், ராணுவத்துக்கு அது போர்வையாகப் போனது. கான்பூரில் 1876-ல் தொடங்கப்பட்ட கம்பளி ஆலையும், பஞ்சாபின் தாரிவாலில் 1880-ல் தொடங்கப்பட்ட ஆலையும் படையின் தேவையை நம்பியே வளர்ந்தவை. இரண்டு உலகப் போர்களிலும் அவற்றின் தறிகள் ராணுவத்துக்காக ஓடின.

விசைத்தறி உரிமையாளர், கொண்டலாம்பட்டி: பழைய துணியைக் கிழித்து நூலாக்கி ராணுவத்துக்கு விற்று ஏமாற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். அது எந்தப் போர்?

அமெரிக்க உள்நாட்டுப் போர், 1861. ஆனால் அந்தத் தொழில்நுட்பத்தை மோசடி என்று ஒதுக்குவது நியாயமில்லை. நெப்போலியன் போர்களின் காலத்தில் கம்பளிக்குப் பஞ்சம் வந்தபோது, யார்க்‌ஷையரின் பேட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லா என்பவர் 1813-ல் பழைய கம்பளிக் கந்தலைப் பல் உருளைகளில் கிழித்து, புதுக் கம்பளியோடு கலந்து மீண்டும் நூற்கும் முறையைக் கண்டார். ஷாடி என்று அதற்குப் பெயர். ஆடு அடுத்த ஆண்டு தரப்போவதற்காகக் காத்திராமல், மக்கள் ஏற்கெனவே உடுத்திக் கழித்ததிலிருந்தே கம்பளியை எடுத்துக்கொள்ளும் வழி அது.

கிழிக்கும்போது இழையின் நீளம் குறைந்துவிடுகிறது என்பதுதான் அதன் பலவீனம். உங்களுக்கே தெரியும், குட்டை இழை நூலில் பிடிமானம் இருக்காது. புதுக் கம்பளியை அளவாகச் சேர்த்தால் நல்ல துணி வரும். அமெரிக்காவில் லட்சக்கணக்கான உடுப்புகள் ஒரே நேரத்தில் தேவைப்பட்டபோது சில ஒப்பந்தக்காரர்கள் அந்த அளவைக் காற்றில் விட்டார்கள். பசையிட்டு அழுத்திய கந்தல் துணியில் தைத்த கோட்டுகள் முதல் மழையிலேயே பிரிந்து உதிர்ந்தன. மானத்தை மறைக்கக் கால்சட்டை இல்லாமல் நின்ற சிப்பாய்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. போரில் திடீர்ப் பணக்காரர் ஆனவர்களை ஷாடிப் பிரபுக்கள் என்றே அழைத்தார்கள். இன்று அந்தத் தொழிலின் பெரிய மையங்களில் ஒன்று நம் நாட்டுப் பானிப்பட். உலகெங்கும் கழித்த ஸ்வெட்டர்கள் அங்கே வந்து நூலாகின்றன. நிவாரண முகாம்களில் கொடுக்கப்படும் மலிவான போர்வைகளில் பல அங்கிருந்து வருகின்றன.

கல்லூரி மாணவி, அம்மாபேட்டை: அமெரிக்க அதிபரின் மாளிகைப் புல்வெளியில் ஆடு மேய்ந்தது என்பது வாட்ஸ்அப் கதைதானே?

உண்மைதான். 1918-ல் அதிபர் உட்ரோ வில்சன் புல்வெட்டும் ஆட்களை மிச்சப்படுத்த வெள்ளை மாளிகையில் ஆடுகளை விட்டார். அவற்றின் கம்பளி செஞ்சிலுவைச் சங்கத்துக்காக ஏலம் விடப்பட்டு 50,000 டாலருக்கு மேல் கிடைத்தது. ஆடுகள் புல்லோடு பூச்செடிகளையும் மேய்ந்துவிட்டன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற ராணுவ வீரர், ஆத்தூர்: நாங்கள் பனி மலையில் பணியாற்றியபோது துப்பாக்கிக்கு அடுத்தபடியாகக் காலுறையைத்தான் பாதுகாத்தோம். பழைய போர்களில் நம் சிப்பாய்கள் என்ன செய்தார்கள்?

காலுறையின் அருமை ரோமானியச் சிப்பாய்க்கும் தெரிந்திருந்தது. இங்கிலாந்தின் வட எல்லையில் வின்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டையைத் தோண்டியபோது, ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன் மரச்சீவலில் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்தது. காலுறைகளும், இரண்டு ஜோடிச் செருப்புகளும், இரண்டு உள்ளாடைகளும் அனுப்பியிருப்பதாக யாரோ எழுதியிருக்கிறார்கள். வீட்டிலிருந்து பொட்டலம் வந்தால் வரும் மகிழ்ச்சி உங்களுக்கும் தெரிந்ததே.

1914 செப்டம்பர் இறுதியில் லாகூர், மீரட் டிவிஷன்களைச் சேர்ந்த இந்தியப் படை மார்சேய் துறைமுகத்தில் இறங்கியபோது பலரின் உடலில் இருந்தது வெப்ப நாட்டுக்குரிய பருத்திக் காக்கி. அடுத்த மாதமே ஈப்ர் முனையில் சேற்றுக்குள் இறக்கப்பட்டார்கள். குளிர்கால உடுப்பு தாமதமாகவே வந்து சேர்ந்தது. இடையில், அவர்களுக்கென்று லண்டனில் அமைக்கப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் நிதி, காலுறை, மஃப்ளர், தலையும் கழுத்தும் மூடும் பலக்ளாவா குல்லா ஆகியவற்றை அனுப்பியது. அந்தக் குல்லாவே 1854-ல் கிரிமியப் போரின் குளிரில் பிரபலமானதுதான். நம் பக்கத்தில் அதைக் குரங்குக் குல்லா என்று சொல்லிப் பிள்ளைகள் தலையில் மாட்டிவிடுகிறோம்.

பதுங்கு குழியில் தண்ணீர் தேங்கி நிற்க, ஈரமான காலணிக்குள் நாள்கணக்கில் இருந்த பாதம் மரத்து, வீங்கி, கறுத்து அழுகத் தொடங்கும். குண்டு படாமலேயே கால்களை இழந்தவர்கள் உண்டு. பாதத்தில் திமிங்கில எண்ணெய் தடவிக் காய்ந்த காலுறைக்கு மாறுவது கட்டாயமாக்கப்பட்டது; வீரர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவர் பாதத்தை மற்றவர் பார்த்துக்கொண்டார்கள். காய்ந்த காலுறை வேண்டுமென்றால் ஆளுக்குப் பல ஜோடிகள் வேண்டும். பிரிட்டனிலும், ஆஸ்திரேலியாவிலும், பின்னர் அமெரிக்காவிலும் பள்ளிப் பிள்ளைகளிலிருந்து பாட்டிமார் வரை ஊசியும் நூலுமாக உட்கார்ந்தது அதனால்தான். முழங்காலுக்குக் கீழே சுற்றிய கம்பளிக் கால்பட்டியோ இமயமலைப் பகுதியில் வழங்கியது. இந்தியப் படையிலிருந்துதான் அது பிரிட்டிஷ் படைக்குப் போனது. இறுக்கிச் சுற்றிய பட்டி நனைந்து இரத்த ஓட்டத்தைத் தடுத்ததும் உண்டு.

1962-ல் சீனப் படை இறங்கியபோது நேஃபா (இன்றைய அருணாசலப் பிரதேசம்) முனையில் இருந்த நம் வீரர்கள் பலரிடம் பருத்தி உடுப்பும் கான்வாஸ் காலணியுமே இருந்தன என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த அக்டோபரிலும் நவம்பரிலும் நாடெங்கும் பெண்கள் ஜவான்களுக்காக ஸ்வெட்டர் பின்னினார்கள். பரிவு மெச்சத்தக்கதுதான், ஆனால் போர் தொடங்கியபின் பின்னத் தொடங்கிய ஸ்வெட்டர், ஒரே மாதத்தில் முடிந்துவிட்ட போருக்கு எந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. கம்பளியைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டியது அமைதிக் காலத்தில்.

காபித் தோட்டக்காரர், சேர்வராயன் மலை: ஒரு நாட்டின் கம்பளி முழுவதையும் ஓர் அரசு வாங்க முடியும் என்பதை நம்ப முடியவில்லை. அவ்வளவு ஆட்டுக்காரர்களோடு யார் பேரம் பேசுவது?

பேரமே இல்லை என்பதுதான் அந்த ஏற்பாடு, ஐயா. உங்கள் குடும்பத்துப் பெரியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1942-ன் காபிச் சட்டத்துக்குப் பிறகு, தோட்டத்தில் விளைந்ததைக் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, பணம் தவணை தவணையாக வருவதற்குக் காத்திருந்தார்களே, ஏறக்குறைய அதே முறை. அதுவும் போர்க்காலத்தில் ஏற்றுமதிச் சந்தை அடைபட்டபோது பிறந்ததுதான். 1990-களின் நடுப்பகுதி வரை நீடித்தது.

1914-க்கு முன் ஆஸ்திரேலியாவின் கம்பளி ஏலங்களில் ஜெர்மன் வணிகர்கள் பெரும் வாடிக்கையாளர்கள். போர் வந்ததும் அவர்கள் விலக்கப்பட்டாலும், நடுநிலை நாடுகள் வழியாகக் கம்பளி எதிரிக்குப் போய்விடுமோ என்ற அச்சமும், படைக்குத் தேவையானதைப் பதுக்கி விலையை ஏற்றுவார்களோ என்ற கவலையும் பிரிட்டனுக்கு இருந்தன. 1916-ல் முதலில் தன் நாட்டுக் கம்பளியையும், நவம்பரிலிருந்து ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் கம்பளி முழுவதையும் அரசு எடுத்துக்கொண்டது. ஆஸ்திரேலியக் கம்பளிக்குச் சராசரியாக ஒரு பவுண்டு எடைக்கு 15½ பென்ஸ். மதிப்பீட்டாளர்கள் கம்பளியை நூற்றுக்கணக்கான தரங்களாகப் பிரித்து, தரத்துக்கேற்ப விலை போட்டார்கள். படைக்குப் போக மிஞ்சியதை விற்றதில் வந்த லாபத்தில் பாதி வளர்த்தவர்களுக்கு என்று ஒப்பந்தம். 1920 வரை இது நடந்தது. போர் முடிந்தபோது கிடங்குகளில் மலைபோலக் கம்பளி தேங்கிக் கிடந்தது. அப்படியே சந்தையில் கொட்டினால் விலை தரைமட்டமாகும் என்பதால், கொஞ்சம் கொஞ்சமாக விற்பதற்கென்றே 1921-ல் ஒரு தனி நிறுவனம் அமைத்தார்கள். அது விற்று முடிப்பதற்கு 1924 ஆகிவிட்டது. 1939-ல் அடுத்த போர் வந்ததும் பிரிட்டன் அதே ஒப்பந்தத்தைத் தூசி தட்டி எடுத்தது. இம்முறை போர் முடிந்து ஓராண்டு வரைக்கும் வாங்குவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டது.

கட்டுப்பாடு இல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 1950 காட்டியது. கொரியப் போர் தொடங்கியதும் அமெரிக்கா ராணுவத்துக்காகக் கம்பளியைச் சேர்த்து வைக்க முனைந்தது. 1950-51 பருவத்தில் ஆஸ்திரேலியக் கம்பளியின் சராசரி விலை பவுண்டுக்கு 144 பென்ஸ். முந்தைய ஆண்டு விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சில மூட்டைகள் 240 பென்ஸைத் தாண்டின. அதாவது ஒரு பவுண்டு எடைக்கு ஒரு பவுண்டு பணம். ஆட்டுக்காரர்கள் புதுக் கார் வாங்கினார்கள். மறு பருவத்தில் விலை பாதியாகச் சரிந்தது.

விவசாயி, ஓமலூர்: நிலக்கடலையிலிருந்து கம்பளி செய்தார்கள் என்று என் பேரன் சொல்கிறான். கேலி செய்கிறானா?

உங்கள் பேரன் சொன்னது சரி. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் கடலைப் பிண்ணாக்கில் புரதம் அதிகம், கம்பளியும் புரதம். இந்த உறவைப் பிடித்துக்கொண்டு பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம், கடலைப் புரதத்தைக் கரைத்து நுண்துளைகள் வழியாகப் பிழிந்து இழையாக்கியது. ஆர்டில் என்று பெயர். போருக்கு முன்பே ஆய்வு தொடங்கினாலும் பெரிய ஆலை ஸ்காட்லாந்தின் டம்ஃபிரீஸில் 1951-ல்தான் எழுந்தது, 1957-ல் மூடப்பட்டது. நனைந்தால் வலுவிழந்தது, அதற்குள் நைலானும் அக்ரிலிக்கும் மலிவாக வந்துவிட்டன.

இத்தாலி அதற்கு முன்பே பாலில் இறங்கியிருந்தது. எத்தியோப்பியா மீது படையெடுத்ததற்காக 1935-ல் சர்வதேச சங்கம் பொருளாதாரத் தடை விதித்தபோது, முசோலினியின் அரசு பாலின் கேசீன் புரதத்திலிருந்து செய்த லானிட்டல் என்ற இழையைத் தேசபக்தியின் அடையாளமாகவே கொண்டாடியது. நனைந்தால் புளித்த பால் வாடை வந்ததாம்! ஜெர்மனி மரக்கூழிலிருந்து எடுத்த செயற்கை இழையைக் கம்பளியோடு கலந்தது. போர் நீள நீளக் கலப்பின் அளவு கூடி, உடுப்பின் சூடு குறைந்தது. அதன் விலையைக் கிழக்கு முனையின் சிப்பாய்கள் கொடுத்தார்கள். குளிர் வருவதற்குள் ரஷ்யாவை முடித்துவிடலாம் என்று 1941 ஜூனில் புறப்பட்ட படை மாஸ்கோவின் வாசலில் உறைந்து நிற்க, டிசம்பர் 20 அன்று ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் வானொலியில் பேசி, வீட்டில் இருக்கும் கம்பளியையும் ரோம உடையையும் படைக்குத் தாருங்கள் என்று மக்களிடம் கையேந்தினார்.

இல்லத்தரசி, சேலம்: மார்கழிக்குப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் வாங்கப் போனால் எல்லாமே ‘வுல்லன்’ என்கிறார்கள், விலையோ மலிவு. ராணுவம் விட்ட கம்பளிதான் நமக்கு வருகிறதா?

ராணுவமும் விட்டுவிட்டது, கடையிலும் அது இல்லை. 1954-ல் அமெரிக்கா கம்பளியை நாட்டின் பாதுகாப்புக்கு இன்றியமையாத பொருள் என்று சட்டம் போட்டு ஆட்டுக்காரர்களுக்கு மானியம் கொடுத்தது. 1960-ல் ராணுவத்துக்கு அவசியமான பொருட்களின் பட்டியலிலிருந்து கம்பளி நீக்கப்பட்டது. மானியம் மட்டும் 1995 வரை ஓடியது. மானியங்களின் ஆயுள் எல்லா நாட்டிலும் கெட்டிதான். இதற்கிடையே 1950-ல் சந்தைக்கு வந்த அக்ரிலிக், துவைக்க எளிது, பூச்சி அரிக்காது, விலை குறைவு என்று கம்பளியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நீங்கள் பார்க்கும் மலிவான ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை அதுதான்.

வாங்கியபின் சந்தேகம் இருந்தால், உள் தையலிலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, பிள்ளைகள் அருகில் இல்லாதபோது தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள். கம்பளியென்றால் தயங்கித் தயங்கிக் கருகும், தலைமுடி பொசுங்கிய வாடை வரும், மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் என்றால் சுருங்கி உருகி எரிந்து, ஆறியபின் நசுக்க முடியாத கறுப்பு உருண்டையாக நிற்கும். உருண்டை வந்தால் ஸ்வெட்டரைத் தூக்கிப்போட வேண்டாம், சேலத்து மார்கழிக்கு அது போதும். அதைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் அடுப்பருகே மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.